தட்சிணாமூர்த்தியின் சிவப்புப் பந்து

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. நான் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கும் டிராயிங் ஹாலில் எதைத் தொட்டாலும் உடனே கையைக் கழுவத் தோன்றும். அதிலும் அந்த மவுஸ் இருக்கிறதே, அதைவிட அசிங்கமான ஒரு பொருளை அரசாங்கம் இதுவரை வாங்கிப் போட்டதில்லை. காலையில் சமோசா தின்ற விரல், மத்தியானம் ஊறுகாய் தொட்ட விரல், பான் மசாலா பொட்டலத்தைக் கிழித்த விரல் எல்லாம் அதன் முதுகில்தான் வந்து தேயும். வெள்ளையாக வருகிற மவுஸ் ஆறு மாதத்தில் பழுப்பாகி, வருஷம் முடிவதற்குள் ஓரமெல்லாம் கறுப்பாகக் கட்டிப்போய் நிற்கும். கேட்டால் "சல்தா ஹை மேடம்" என்பார்கள், இதெல்லாம் ஓடிவிடும் என்று.

நாங்கள் வரைவது என்னவோ சாக்கடைதான். நகரத்தின் கழிவுநீரை மேலே ஏற்றித் தள்ளுகிற பம்பிங் ஸ்டேஷன்களின் வரைபடங்கள். டெல்லியில் ஒரு பொதுத்துறை நிறுவனம். பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் சர்வீஸ் பாக்கி. கம்ப்யூட்டரில் வரைகிற சாக்கடை நாறாது. நாறுவதெல்லாம் ஆபீஸ்தான்.

அந்த ஹாலில் தைரியமாகக் கை வைக்கக்கூடிய மேஜை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தட்சிணாமூர்த்தியின் மேஜை.

அவர் மன்னார்குடிக்காரர். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து, தொண்ணூற்றொன்றில் டெல்லிக்கு ரயிலேறியவர். அப்போதெல்லாம் மசிப்பேனாவும் டிரேசிங் தாளும்தான். கை ஒரு நூல் விலகினாலும் பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டின இடம் தாளில் வடுவாகத் தெரியும். தட்சிணாமூர்த்தியின் தாள்களில் வடுவே இருக்காது என்று பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் மாறவில்லை. எந்தக் குழாய்க்கு எந்தத் தடிமனில் கோடு, எந்த அளவை எங்கே எழுதினால் பள்ளத்துக்குள் நிற்கிற மேஸ்திரிக்குச் சட்டென்று கண்ணில் படும் என்றெல்லாம் யோசித்து வரைவார். ஹாலிலேயே அப்படி யோசித்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

இருந்தும் எனக்கு அவரைப் பிடிக்காது. காரணம் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஹாலில் தமிழ் ஆட்கள் நாங்கள் இரண்டே பேர். நான் வசுமதி, திருச்சி. வலியப் போய்ப் பேசினேன். டீ வாங்கி வந்து நீட்டினால் கையில் வாங்கமாட்டார். "அங்க வைங்க மேடம்" என்பார். வைத்துவிட்டுத் திரும்பினால்தான் எடுத்துக் குடிப்பார். பொங்கலன்று வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டு போய்த் தொன்னையில் கொடுத்தால், இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டில் கிடக்கும். என் பெண் கல்யாணத்துக்கு வந்தார், மொய்க் கவரைத் தன் மனைவி மேகலாவிடம் கொடுத்துக் கொடுக்கச் சொன்னார், ஒரு வாய் காபி குடிக்காமல் போய்விட்டார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட எல்லோருக்கும் முன்னால் எட்டரைக்கே வந்துவிடுவார், யார் கண்ணிலும் படாமல் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த மனுஷன் சாதி பார்க்கிறார், என் கையால் வாங்கிக் குடிக்கக் கசக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, அவர் மேஜையிலிருந்த அழுக்கு மவுஸைக் காணோம். அந்த இடத்தில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி, அதன் நடுவில் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு சிவப்புப் பந்து. ஸ்னூக்கர் ஆடுகிற பந்து. கரோல் பாக்கில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் ஒற்றைப் பந்தாகக் கேட்டு வாங்கினாராம், கடைக்காரன் ஒரு மாதிரி பார்த்தானாம். பெட்டியைத் தானே வரைந்து, முப்பரிமாண அச்சு போட்டுத் தருகிற இடத்தில் கொடுத்துச் செய்துகொண்டார். உள்ளே கட்டைவிரல் அளவு ஒரு சர்க்யூட் போர்டு, பந்தின் ஓட்டத்தைப் பார்க்கும் ஒரு சென்சார். இதற்கு டிராக்பால் என்று பெயர். மவுஸை நகர்த்துவதற்குப் பதிலாக, பெட்டி நின்ற இடத்தில் நிற்கும், பந்தை விரலால் உருட்ட வேண்டும்.

"எதுக்கு சார் இந்தக் கூத்து?" என்று கேட்டேன்.

"மணிக்கட்டு வலி மேடம்."

அதோடு ஆபீஸ் அதை மறந்துவிட்டது. செருகினால் சாதாரண மவுஸ் என்றுதான் கம்ப்யூட்டரும் நினைத்தது. எனக்கு மட்டும் அந்தப் பந்தைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. காரணம் சுத்தம். தினமும் மத்தியானம் பந்தை எடுத்துத் துடைப்பார். அது உட்காருகிற குழியில் கடுகளவு மூன்று வெள்ளை மணிகள், அவற்றின்மேல்தான் பந்து சுழல வேண்டும். இரண்டு முழங்கையையும் மேஜையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் அந்த மூன்றையும் துடைத்து, நுனியில் ஒட்டின சாம்பல் நிற அழுக்கை எனக்குக் காட்டுவார்.

"இது வெளி அழுக்கில்ல மேடம். நம்ம விரல் தோல்தான். தினம் இவ்வளவு உதிருது."

"ஐயையே, சீ" என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதற்கு அவர் சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்த சமயம் அது ஒன்றுதான். அதனாலேயே தினமும் மத்தியானம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். அவர் பந்தை உருட்டுவார், நான் பேசிக்கொண்டிருப்பேன். என் மாமியார், காய்கறி விலை, லிஃப்டில் எவனோ துப்பி வைத்தது என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று அவர்தான் எனக்குச் சொன்னார். மவுஸின் வயிற்றுக்குள் இருந்துகொண்டு, இப்படி உருட்டினால் இவ்வளவு நகர், இதை அமுக்கினால் இதைச் செய் என்று சொல்லும் நிரல். கடையில் வாங்குகிற மவுஸில் அது பூட்டித்தான் கிடக்கும். இவர் போட்டிருந்தது வேறு வகை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கிற நிரல். அதை எடுத்துத் தனக்கு வேண்டியபடி திருத்தி, திருத்தினதையும் அதே மாதிரி ஒரு பக்கத்தில் எல்லோருக்குமாக வைத்திருந்தார்.

"நீங்க பாடுபட்டு எழுதினதை ஊருக்குத் தூக்கிக் குடுக்கிறீங்களே சார்" என்றேன்.

"எடுத்த இடத்துல திருப்பி வைக்கணுமில்ல மேடம்" என்றார்.

அப்படித் திருத்தும்போது, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இது எதற்கு என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பது வழக்கமாம். கம்ப்யூட்டர் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாது, படிக்கிற மனிதர்களுக்காகத்தான் அது. தட்சிணாமூர்த்தி குறிப்புகளையெல்லாம் தமிழில் எழுதினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இங்கிலீஷ் எழுதச் சோம்பல் என்று நினைத்தேன். டெல்லியில் ஒன்றை ஒளித்து வைக்கப் பூட்டே தேவையில்லை, தமிழில் எழுதினால் போதும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன டிசம்பரில் ஒரு நாள். வெளியே புகை, ஜன்னலைத் திறந்தால் தொண்டையில் மணல் அள்ளிப் போட்டமாதிரி இருந்தது. நிதி கொடுக்கிற இலாகாவிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். எங்கள் ஜி.எம். அவர்களை அழைத்து வந்து தட்சிணாமூர்த்தியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். இந்த ஜி.எம்.மைப் பற்றி இரண்டே வார்த்தை சொல்கிறேன். வாயில் எப்போதும் பான் மசாலா. பேசும்போது தாடையை அண்ணாந்து வைத்துக்கொள்வார், கீழே பார்த்தால் ஒழுகிவிடும்.

"இந்தக் குழாயை இங்கே தள்ளு, அந்த வால்வை அங்கே மாற்று, ஜல்தி" என்று திரையை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். தட்சிணாமூர்த்தி பந்தை உருட்டினார். அம்புக்குறி குழாயைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது, மறுபடியும் தாண்டிப் போனது. பெட்டியின் பக்கத்திலிருந்த ஒரு பொத்தானை அவர் இரண்டு தடவை அமுக்கினார். அப்படியும் பிடிக்கவில்லை. அந்த டிசம்பர் குளிரில் அவர் நெற்றி வேர்த்ததை நான் பார்த்தேன். "சாய் பீகே ஆதே ஹைன்" என்று ஜி.எம். அவர்களை டீ குடிக்க அழைத்துப் போனார்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் தட்சிணாமூர்த்தி தன் வாழ்க்கையிலேயே அவசரமாக ஒரு காரியம் செய்தார். தன்னுடைய இணையப் பக்கத்தைத் திறந்து ஒரு எண்ணைக் கூட்டி, புது ஃபர்ம்வேரை இறக்கிக்கொண்டார். டிராக்பாலைப் பிடுங்கி, அடியிலிருக்கும் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி மறுபடி செருகினார். அப்படிச் செருகினால் அந்தச் சாமான் கொஞ்ச நேரத்துக்குத் தன்னை மவுஸ் என்று சொல்லிக்கொள்ளாது, பென் டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். அப்போதுதான் புது நிரலை அதற்குள் போட முடியும். வீட்டில் நூறு தடவை செய்திருப்பார். ஆனால் எங்கள் ஆபீஸில் பென் டிரைவ் என்றால் பாம்பைக் கண்டமாதிரி. செருகின மறுநொடி ஐ.டி. செக்ஷனில் மணியடித்துவிட்டது.

வந்தவன் பிரதீப். வேலூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது டெல்லி, வயது முப்பது. என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவான், நல்ல பையன்தான். சட்டப்படி டிராக்பாலைப் பிடுங்கினான், கம்ப்யூட்டரில் எந்தப் பக்கத்திலிருந்து எது இறங்கியிருக்கிறது என்று பார்த்தான், போய் ஜி.எம்.மிடம் சொன்னான். தட்சிணாமூர்த்தியை இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

கால் மணி நேரத்தில் என்னை ஜி.எம். அறைக்குக் கூப்பிட்டார்கள். சுவரிலிருந்த பெரிய டி.வி.யில் அந்த நிரல் விரிந்து கிடந்தது. நடுநடுவே தமிழ் எழுத்து. வந்திருந்த மூன்று பேரும் சோபாவில் இருந்தார்கள்.

"ஆன்ட்டி, எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது. ஏதாவது சீக்ரெட் கோடோன்னு சார் கேக்கறாரு" என்றான் பிரதீப்.

"மேடம், ஜரா பட்கே சுனாயியே" என்றார் ஜி.எம். கொஞ்சம் படித்துச் சொல்லுங்களேன் என்று, அவ்வளவு மரியாதையாக.

இந்த இடத்தில் என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது. பத்தொன்பது வருஷத்தில் அந்த ஆபீஸில் என் தமிழை ஒருத்தரும் கேட்டதில்லை. "மதராஸி மேடம், இட்லி கொண்டு வாங்க" என்பதோடு சரி. இன்றைக்கு நாலு பெரிய மனுஷர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தமிழில் ஒரு வரி படிப்பதும் அதை ஹிந்தியில் சொல்வதுமாக ஆரம்பித்தேன்.

"இவை என் கைக்கான எண்கள். வேறு யாராவது உபயோகித்தால் தங்கள் கைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளவும்."

"கை ஒரு விநாடிக்கு ஆறு தடவை இங்கும் அங்கும் போகிறது. போனதையும் வந்ததையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் நான் போக நினைத்த திசை."

"இந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் அசைவையெல்லாம் தூக்கி எறிந்துவிடு. பக்கத்துப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் எண் ஒரு படி ஏறும்."

"காலையில், 6. டீ குடித்த பிறகு, 9. ஜி.எம். பின்னால் நின்றால், 14."

கடைசி வரியை ஹிந்தியில் சொல்லும்போது நான் சிரித்தேன். சிரித்தேன் என்றால், வாய்விட்டு. ஒரு பாஷையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறபோது வாய் முன்னால் ஓடுகிறது, புத்தி ரொம்பப் பின்னால்தான் வருகிறது. என் புத்தி வந்து சேர்ந்தபோது அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"இஸ்கா ஹாத் காம்ப்தா ஹை?" என்றார் ஜி.எம். இவன் கை நடுங்குகிறதா?

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. கையில் வாங்காத டீ, பாக்கெட்டில் கிடந்த கைகள், குடிக்காமல் போன கல்யாணக் காபி, எட்டரை மணிக் கையெழுத்து எல்லாம். நாலு வருஷம் இந்தப் பந்துக்குப் பின்னால் அந்த மனுஷன் ஒளித்து வைத்திருந்ததை நான் நாலு நிமிஷத்தில் கொட்டிக் கவிழ்த்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "அப்படியில்ல சார், இது சும்மா விளையாட்டுக்கு எழுதினது" என்று ஏதோ உளறினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தட்சிணாமூர்த்தியைக் கூப்பிட்டார்கள். என்னை வெளியே போகச் சொல்லவில்லை, நானாகப் போயிருக்கலாம், போகவில்லை. ஜி.எம். "ஹாத் திகாவ்" என்றார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், டி.வி.யைப் பார்த்தார், பிறகு இரண்டு கையையும் நீட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விரல்கள் ஆடின, பிறகு மணிக்கட்டு. ஐம்பத்தேழு வயது ஆள், அந்நிய மனிதர்களுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் அடி வாங்க நிற்கிறமாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஜி.எம். எழுந்து வந்தார். வந்து குனிந்து, அவர் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பான் மசாலா ஊறின வாயை வைத்துக்கொண்டு, டீயைத் தவிர வேறெதுவும் தொடாத ஒரு மனுஷனின் வாயில் சாராய நாற்றம் தேடினார். என் ஆயுசில் நான் பார்த்த அருவருப்பெல்லாம் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

"சார், நான் குடிக்கறதில்லை. எங்கப்பாவுக்கும் இருந்தது. பரம்பரையா வர்றது" என்று தட்சிணாமூர்த்தி தெரிந்த ஹிந்தியில் சொன்னார். "கோடு தப்பாது சார். எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க."

சாயங்காலம் மெட்ரோவில் போகும்போது அவருடைய பக்கத்தை என் போனில் திறந்து பார்த்தேன். அறையில் நான் படித்தது டி.வி.யில் தெரிந்த வரைக்கும்தான். கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

"வசுமதி மேடம் வந்து உட்கார்ந்தால், 6. டீக்குப் பிறகும் 6 போதும். அவங்க பாட்டுக்குப் பேசுவாங்க, கை தன்னை மறந்துடும்."

பெட்டி நிறைய ஜனங்கள் நின்றார்கள். நான் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆபீஸ் வழக்கப்படி நடந்தது. மூன்று வருஷத்தில் அவர் வரைந்த இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களையும் மறுபடி சரிபார்க்க ஒரு கமிட்டி போட்டார்கள், அதில் நானும் ஒருத்தி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். அவர் கோட்டில் ஒரு பிழை கிடையாது. ஒரே ஒரு தாளில் வால்வு இடம் மாறியிருந்தது, அது அவர் லீவில் போனபோது நான் திருத்திக் கொடுத்த இடம். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "அச்சா, அச்சா" என்று ஜி.எம். அதைக் கோப்பில் செருகிவிட்டார். "ஆள் எங்கே வரைந்தான், மிஷின்தானே வரைந்தது" என்றும் சொன்னார்.

மெடிக்கல் போர்டில் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொடுத்து, கொசுவத்திச் சுருள் மாதிரி ஒன்று போடச் சொன்னார்களாம். முப்பத்துநாலு வருஷம் கோடு போட்ட ஆள் அதைப் போட்டுக் காட்டினார். இது குடியால் வந்ததல்ல, பரம்பரை நடுக்கம், உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். கையால் நுட்பமான வேலை செய்ய இயலாதவர் என்று இன்னொரு வரியும் எழுதினார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவரைத் தபால் அனுப்பும் செக்ஷனில் போட்டார்கள். அங்கே என்ன வேலை தெரியுமா? நாள் முழுக்கப் பேனாவைப் பிடித்துப் பதிவேட்டில் எழுதுகிற வேலை. கை நடுங்குகிறது என்று கம்ப்யூட்டரிலிருந்து எழுப்பி, பேனாவைக் கையில் கொடுத்தார்கள். வாசல் பக்க மேஜை வேறு. போகிறவன் வருகிறவனெல்லாம் அவர் கையெழுத்தை எட்டிப் பார்த்துவிட்டு, லிஃப்டுக்குள் போனதும் கட்டைவிரலை வாயருகே தூக்கிக் குடிக்கிற மாதிரி காட்டிச் சிரித்தான்கள்.

அந்த டிராக்பால் ஜி.எம். மேஜைக்குப் போனது. இரண்டு நாள் உருட்டிப் பார்த்தார். "பஹுத் ஸ்லோ ஹை" என்று சலித்துக்கொண்டார். ஸ்லோவாகத்தானே இருக்கும், அது இன்னொருத்தர் கைக்குத் தைத்த சட்டை. இப்போது காகிதம் பறக்காமல் இருக்க அதைத் தூக்கி வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு கையெழுத்துக்குப் போனபோது பார்த்தேன். சிவப்புப் பந்தில் பாக்குத் தூள் ஒட்டியிருந்தது, குழி ஓரமெல்லாம் பிசுக்கு. என் கைக்குட்டையை எடுத்தேன். "ரஹ்னே தோ மேடம்" என்றார், இருக்கட்டும் விடுங்கள் என்று. வைத்துவிட்டு வந்தேன்.

அவரைப் பார்க்க எனக்கு தைரியம் வர இரண்டு மாதம் ஆயிற்று. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி வெயிலில், மயூர் விஹாரில் அவர் வீட்டுக்குப் போனேன். மேகலா கதவைத் திறந்தாள். முகம் கோணவில்லை. "வாங்க வசுமதி. சார் பால்கனியில இருக்காரு" என்றாள்.

பால்கனியில் ஒரு சின்ன மேஜை, பழைய கம்ப்யூட்டர், அதே மாதிரி இன்னொரு கறுப்புப் பெட்டி. இந்தத் தடவை மஞ்சள் பந்து. திரையில் ஏதோ பம்பிங் ஸ்டேஷன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் கொடுக்கப் போவதில்லை, சும்மா வரைந்துகொண்டிருந்தார்.

"சார், நான் வேணும்னு படிக்கலை. யோசிக்காம படிச்சிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்தது அத்தனையும் போய், வந்தது அவ்வளவுதான்.

"நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க. எழுதினது நான்தானே. நீங்க இருக்கறதை இருக்கறபடி படிச்சீங்க. விடுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். "உக்காருங்க."

உட்கார்ந்தேன். மேகலா இரண்டு டம்ளரில் காபி கொண்டு வந்தாள். இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, இந்தத் தடவை கையிலேயே வாங்கினார். டம்ளர் டபராவில் கடகடவென்று அடித்துக்கொண்டது. பாதிக் காபி சட்டையில். நான் பார்க்காத மாதிரி திரையைப் பார்த்தேன். பழையபடி பேசினால் சரியாகப் போய்விடும் என்று எனக்கு ஒரு நப்பாசை. லிஃப்டில் எவனோ துப்பி வைத்ததிலிருந்து தொடங்கி, என் மாமியார் வரைக்கும் மூச்சுவிடாமல் பேசினேன். அவர் ஒரு கோடு போட முயன்றார். அம்புக்குறி தாண்டிப் போனது. பெட்டியின் பக்கத்துப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. பிறகுதான் கோடு பிடித்தது. நான் பேச்சை நிறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்த மாதிரி பக்கங்களில் ஒரு வசதி உண்டு. யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார்கள் என்று காட்டும். பழைய வரி சிவப்பில் இருக்கும், புது வரி பச்சையில். தட்சிணாமூர்த்தி குறிப்புகள் எதையும் அழிக்கவில்லை. ஜி.எம். வரிகூட அப்படியே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியில் ஒரே ஒரு திருத்தம்.

சிவப்பில்: "வசுமதி மேடம் வந்து உட்கார்ந்தால், 6. டீக்குப் பிறகும் 6 போதும். அவங்க பாட்டுக்குப் பேசுவாங்க, கை தன்னை மறந்துடும்."

பச்சையில்: "வசுமதி மேடம் வந்து உட்கார்ந்தால், 14."

என்னைக் குத்திக் காட்ட எழுதினதல்ல அது, எனக்குத் தெரியும். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கையை அளந்து பார்த்தார், அளந்ததை எழுதினார்.